ஜாக்2 உள்ளவர்களுக்கு மெனோபாஸ்: ஹார்மோன் எடுக்கலாமா, கூடாதா?

கேள்வி. 9 பிப்ரவரி 2025

எனக்கு 48 வயது. கோவை. எசென்ஷியல் த்ராம்போசைத்தீமியா, அதாவது ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்கள் அளவுக்கு மீறி உருவாகும் நோய். அதோடு வரும் ஜாக்2 மரபணு மாற்றமும் பாசிட்டிவ். பிளேட்லெட் 9 லட்சம் வரை போய், அணுக்களைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா ஆரம்பித்தபின் 4 லட்சத்துக்குள் நிற்கிறது. கூடவே ஆஸ்பிரின் 75. இதுவரை ரத்த உறைவு வந்ததில்லை. பீரியட்ஸ் நின்று ஒரு வருடம் ஆகப்போகிறது. ராத்திரியில் உடம்பு பற்றி எரிந்து எழுந்து உட்காருகிறேன். வகுப்பில் பாடம் நடத்தும்போதே வியர்த்துக் கொட்டுகிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள். லேடி டாக்டர் ஹார்மோன் எழுதிக் கொடுத்தார். ரத்தநோய் டாக்டர் சீட்டைப் பார்த்ததும் "இதைத் தொடவே கூடாது" என்றார். இரண்டு பேரும் நல்ல டாக்டர்கள். யார் பேச்சைக் கேட்பது?

9 பிப்ரவரி 2025, இரவு

எழுதிக் கொடுத்தது வாயில் போடும் மாத்திரையா, தோலில் தடவும் ஜெல்லா? அதைச் சொல்லுங்கள் முதலில். மாத்திரை என்றால் நான் உங்கள் ரத்தநோய் டாக்டர் கட்சி. ஜெல் என்றால் இன்னும் பேச இடம் இருக்கிறது.

நான் யார் என்று தெரியாமல் என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம். மதுரை, 52 வயது, பாலிசைத்தீமியா வெரா (சிவப்பணுக்கள் அதிகமாக உருவாகும் நோய்), அதே ஜாக்2. உங்களுக்கும் எனக்கும் ஒரு பெரிய வித்தியாசம்: எனக்கு உறைவு வந்துவிட்டது. 44 வயதில் வயிற்று வலி. கேஸ் என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள், சாப்பிட்டேன். கடைசியில் ஸ்கேனில் குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் வெயினில் ரத்தக்கட்டி. இதில் வேடிக்கை, அப்போது என் ஹீமோகுளோபின் நார்மல். மண்ணீரல் வீங்கி அணுக்களைப் பிடித்து வைத்துக்கொண்டது ஒரு காரணம், மாதாமாதம் பீரியட்ஸில் இரும்புச்சத்து போய்க்கொண்டிருந்தது இன்னொன்று. எண்ணிக்கை சாதாரணமாக இருந்தாலும், கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் இப்படி உறைவு வந்தால் ஜாக்2 பார்த்தே தீர வேண்டும் என்பது விதி. அந்தப் பரிசோதனையை எழுதிய டாக்டரால்தான் எனக்கு நோயின் பெயரே தெரிந்தது.

ஆகவே ஆஸ்பிரினோடு நிற்கவில்லை, ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரையில் இருக்கிறேன். என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

10 பிப்ரவரி 2025

மாத்திரை என்கிறீர்கள். சரி.

வாயில் போடும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குடலில் உறிஞ்சப்பட்டு நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைச் செய்வதே கல்லீரல்தான். அவ்வளவு ஹார்மோன் ஒரே மூச்சில் வந்து சேர்ந்தால் அது உறைவுப் பொருள்களைக் கூடுதலாகச் செய்யத் தொடங்குகிறது. தோல் வழியாகப் போகும் ஈஸ்ட்ரோஜன் முதலில் உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லீரலுக்கு வருகிறது. பைபாஸ் ரைடர் பஸ்ஸுக்கும், ஊர் ஊராக உள்ளே போய் வரும் பஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசம். போய்ச் சேரும் ஊர் ஒன்றுதான், வழியில் கல்லீரல் வீட்டுக் கதவை முதலில் தட்டுகிறதா என்பதுதான் விஷயம்.

2007ல் பிரான்ஸில் வந்த ஆய்வு, 2019ல் பிரிட்டனில் லட்சக்கணக்கான பெண்களின் மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு, இரண்டும் சொன்னது ஒன்றே: மாத்திரை எடுத்தவர்களுக்குக் கால், நுரையீரல் உறைவு கூடியது, தோலில் ஒட்டும் பேட்ச், ஜெல் எடுத்தவர்களுக்குக் கூடவில்லை. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பும் உறைவு ஆபத்து கூடியவர்களுக்குத் தோல்வழியை யோசிக்கச் சொல்கிறது. ஆபத்து ரொம்ப அதிகம் என்றால் ஹார்மோன் தொடங்கும் முன்பே ரத்தநோய் டாக்டரிடம் அனுப்பச் சொல்கிறது.

ஆனால் அந்த ஆய்வுகளெல்லாம் பொதுவான பெண்களை வைத்து. ஜாக்2 உள்ளவர்களை மட்டும் வைத்துப் பெரிய சோதனை நடந்ததில்லை. அதனால் "ஜெல் உங்களுக்குப் பாதுகாப்பு" என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். "ஜெல்லும் மாத்திரையும் ஒன்றுதான், இரண்டும் விஷம்" என்பவரிடமும் அப்படியே.

10 பிப்ரவரி 2025, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதில் விட்டுப்போனது. கர்ப்பப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் தரமாட்டார்கள், உள்சுவர் தடித்துப் புற்றுநோய் வரலாம் என்பதால் புரோஜெஸ்டிரோனும் சேரும். அதிலும் வகை உண்டு. மைக்ரனைஸ்டு புரோஜெஸ்டிரோன் என்பதுதான் உறைவு விஷயத்தில் சாதுவானது என்று பேர் வாங்கியது. சீட்டில் அது எது என்று பாருங்கள்.

13 பிப்ரவரி 2025

ஹார்மோனை ஒரு பக்கம் வையுங்கள். உங்கள் ராத்திரி வியர்வை மெனோபாஸால்தான் என்று யார் சொன்னது?

நம் ஊரில் எல்லாமே சூடு. கால் எரிந்தால் சூடு, முகம் சிவந்தால் சூடு, வியர்த்தால் சூடு, வாய்ப்புண் வந்தால் சூடு. எனக்கு நோய் தெரிவதற்கு முன்னால் பாதம் நெருப்பாக எரியும். மாமியார் உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்துவிடுவார், அம்மா வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுப்பார், நானும் இளநீரில் வாழ்ந்தேன். அது சின்ன ரத்தக்குழாய்களில் பிளேட்லெட் செய்யும் கூத்து. ஆஸ்பிரின் போட்டபின் அடங்கிவிட்டது. குளித்துவிட்டு வந்ததும் உடம்பெல்லாம் ஊசி குத்துவது போல அரிக்கும், தடிப்பு ஒன்றும் இருக்காது. தண்ணீர் மாற்றினோம், சோப்பு மாற்றினோம், சீயக்காய் அரைத்தோம். அதுவும் பாலிசைத்தீமியா. வாய்ப்புண் பின்னால் ஹைட்ராக்ஸியூரியாவால் வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே பேர்தான் வீட்டில்.

இப்போது மெனோபாஸ் சூடும் வந்து சேர்ந்தால் எது எது என்று எப்படிப் பிரிப்பது? எனக்கு உதவியது இது. ஹாட் ஃப்ளஷ் அலை மாதிரி வரும்: மார்பில் கிளம்பி கழுத்து, முகம் ஏறி, சில நிமிடத்தில் வடிந்து, பிறகு லேசாகக் குளிரும். பகலிலும் வரும். நோயால் வரும் வியர்வை ராத்திரியில் நைட்டி, தலையணை உறையெல்லாம் நனைக்கும். அதோடு எடை குறைவது, இடது விலாவுக்குக் கீழே கனம், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைவது என்று வந்தால் மண்ணீரலைப் பார்க்க வேண்டும். சிவப்பணுவைக் குறைக்கச் சிகிச்சையாக ரத்தம் எடுத்துவிட்டபின் எனக்குத் தலைவலியும் தலைப்பாரமும் போய்விடும், ஃப்ளஷ் மட்டும் அப்படியே இருக்கும். அப்போதுதான் இது வேறு ஆள் என்று புரிந்தது.

நோட்டில் குறித்துக்கொண்டு இரண்டு டாக்டரிடமும் காட்டுங்கள். வாயால் சொன்னால் "டென்ஷன்மா" என்று முடித்துவிடுவார்கள்.

13 பிப்ரவரி 2025

மெனோபாஸா என்று பார்க்க எஃப்.எஸ்.எச். ஹார்மோன் ரத்த டெஸ்ட் எடுக்கணுமா என்று ஒருவர். 45க்கு மேல், பீரியட்ஸ் நின்று, இந்த அறிகுறிகளும் இருந்தால் வேண்டியதில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு பருத்திப் புடவை வாங்குங்கள், வியர்வைக்கு ஆகும்.

2 மார்ச் 2025

இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன். பாலிசைத்தீமியா உள்ள பெண்ணுக்கு பீரியட்ஸ் என்பது இலவச வைத்தியம். மாதாமாதம் ரத்தமும் இரும்பும் தானாக வெளியேறுகிறது. மருத்துவமனையில் 350 மில்லி பையில் எடுத்துவிடுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பே செய்துகொள்கிறது. பீரியட்ஸ் நின்றால் அந்த வாய்க்கால் அடைபடுகிறது. ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்பதுதான் ஹீமடோகிரிட், அது ஏறத் தொடங்குகிறது.

எனக்கு நின்றது இயல்பாக இல்லை. 48ஐ ஒட்டிப் பெரும்போக்கு. அசிட்ரோம் வேறு, நிற்கவே நிற்காது. அந்த நேரத்தில் ரத்தப்போக்கை நிறுத்த வழக்கமாகக் கொடுக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை எனக்கு ஆகாது, உறைந்த கட்டி கரைவதைத் தடுப்பதுதான் அதன் வேலை. ஒரு இடத்தில் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார்கள், ஆபரேஷன் தேதிகூடக் கொடுத்துவிட்டார்கள். ரத்தநோய் டாக்டர்தான் தடுத்தார். எண்ணிக்கை கட்டுப்படாமல் இந்த நோயில் கத்தி வைத்தால் ஒரே ஆளுக்கு ரத்தக்கசிவும் வரலாம், உறைவும் வரலாம். அதற்குப் பதில் கர்ப்பப்பைக்குள் மிரெனா என்ற சின்ன ஹார்மோன் சாதனத்தை வைத்தார்கள். அதிலிருந்து லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் கர்ப்பப்பைக்குள்ளேயே கசியும், ரத்தத்தில் கலப்பது சொற்பம். சில மாதம் சொட்டுச் சொட்டாகப் பட்டு, அப்புறம் நின்றேவிட்டது.

நிம்மதி என்று இருந்தபோது ஹீமடோகிரிட் 45ஐத் தாண்டிவிட்டது. அந்த 45 சும்மா வைத்த கோடு அல்ல. 2013ல் வந்த இத்தாலிய ஆய்வில் 365 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். 45க்குக் கீழே வைத்தவர்களைவிட, 45 முதல் 50 வரை விட்டவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் மரணமும் பெரிய உறைவும் ஏறக்குறைய நான்கு மடங்கு. பெண்களுக்கு 42 என்று இன்னும் இறுக்கிப் பிடிக்கும் டாக்டர்களும் உண்டு. ஆக எனக்கு மறுபடி ரத்தம் எடுத்துவிடுவது அடிக்கடி ஆனது, ஹைட்ராக்ஸியூரியா அளவும் ஏறியது.

எனவே பாலிசைத்தீமியா உள்ளவர்களே, பீரியட்ஸ் தள்ளிப்போக ஆரம்பித்ததும் ரத்தநோய் டாக்டரிடம் சொல்லுங்கள். "இதெல்லாம் அவரிடம் எதற்கு" என்று நினைக்காதீர்கள். அவர் கேட்கவும் மாட்டார். வரும் நோயாளிகளில் பாதிப் பேர் ஆண்கள், அவருக்கு அது ஞாபகம் வராது.

3 மார்ச் 2025

கீரை சாப்பிடலாமா என்கிறீர்கள். எதிர்பார்த்த கேள்விதான்.

தமிழ்நாட்டில் ரத்தம் கம்மி என்றால் எல்லோருக்கும் புரியும். ரத்தம் அதிகம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். "உனக்கென்னம்மா குறை, நல்லதுதானே" என்பார்கள். நான் சோர்வாக இருக்கிறேன் என்றால் அடுத்த நாள் வீட்டுக்கு முருங்கைக்கீரை, பேரீச்சை, கருப்பட்டி, ஒரு பாட்டில் டானிக் வரும். சோர்வுக்குக் காரணம் இரும்புக் குறைவு என்பது உண்மைதான். ரத்தம் எடுத்து எடுத்து இரும்பு வற்றிப்போகிறது. ஆனால் அதை நிரப்பினால் உடம்பு அந்த இரும்பை வைத்து இன்னும் சிவப்பணு செய்யும், மறுபடி எடுக்க வேண்டும். இரும்பு மாத்திரையைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. இதை மெனோபாஸ் சோர்வோடு சேர்த்துப் பாருங்கள்: தூக்கமில்லாத சோர்வு, இரும்பில்லாத சோர்வு, நோயின் சோர்வு, மருந்தின் சோர்வு. நான்கும் கூட்டணி.

எனக்கு முருங்கைக்கீரையில் இரட்டைத் தொல்லை. அதில் வைட்டமின் கே வேறு, அசிட்ரோமோடு மோதும். ஒரு வாரம் கீரை, ஒரு வாரம் இல்லை என்றால், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். ஊஞ்சலாடும். சாப்பிடக் கூடாது என்றில்லை, எல்லா வாரமும் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும். கீரைக்காரம்மா பாவம், எனக்காகத் தனிக் கணக்கு வைத்திருக்கிறார்.

உளுந்தங்களிக்கு ஒன்றும் இல்லை. தாராளமாகச் சாப்பிடுங்கள்.

19 மார்ச் 2025

"அமெரிக்காவில் ஹார்மோன் சோதனையையே பாதியில் நிறுத்திவிட்டார்களே, அதற்குப் பிறகுமா இதைப் பேசுகிறீர்கள்" என்று கோபமாக ஒருவர்.

நிறுத்தினார்கள், ஜூலை 2002ல். பெண்கள் நல முன்முயற்சி என்ற அந்தச் சோதனையில் இந்தப் பிரிவில் 16,608 பேர். சராசரி வயது 63. கொடுத்தது கர்ப்பமான குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோனும், இரண்டும் வாய்வழி. உறைவு இரண்டு மடங்கானது, அது உண்மை. 63 வயதில் மாத்திரை ஆரம்பித்தவர்களின் கணக்கை 48 வயதில் ஜெல் பூசப்போகிறவர் மேல் அப்படியே போட முடியாது. அதே சமயம் அந்த மாத்திரைக் கணக்கு நம்மைப் போன்றவர்களுக்கு இன்னும் மோசமாகவே இருக்கும் என்று நினைக்க எல்லா நியாயமும் உண்டு. உங்கள் கோபத்தில் பாதியை நான் வாங்கிக்கொள்கிறேன்.

6 ஏப்ரல் 2025

சித்திரைத் திருவிழா வரப்போகிறது, வீட்டில் கல்யாணங்களும் வரும். ஒரு எச்சரிக்கை. கோயிலுக்கு, விசேஷத்துக்கு என்று பீரியட்ஸைத் தள்ளிப்போட மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை இருக்கிறதே, அது நாரெதிஸ்டிரோன். "சும்மா தேதி மாத்துற மாத்திரை" என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உடம்புக்குள் அதில் ஒரு பங்கு எத்தினைல் எஸ்ட்ரடயோல் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ஒரு நாளைக்கு 10 முதல் 20 மில்லிகிராம் போட்டால், 20 முதல் 30 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை போட்டதற்குச் சமம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வழக்கமாகப் போடுவது 5 மில்லிகிராம் மூன்று வேளை. கூட்டிப் பாருங்கள்.

என் வயிற்று வலி வந்தது நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு அடுத்து. அந்தக் கல்யாணத்துக்கு நான் அதைப் போட்டேன். அதுதான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை, ஜாக்2 தனியாகவே அதைச் செய்யக்கூடியது. நான் என் மகளுக்கு மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன், டாக்டரைக் கேட்காமல் தொடாதே என்று. அவளுக்கு ஜாக்2 வருமா என்று கேட்பீர்கள். இது பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையில் தானாக வரும் மாற்றம், அம்மாவிடமிருந்து அப்படியே இறங்குவதில்லை.

6 ஏப்ரல் 2025

இன்னொன்று, வெயில். விரதம், நடை, வியர்வை, தண்ணீர் குடிக்காமல் இருப்பது: ரத்தம் கெட்டியாகும். தேர் பார்க்கப் போகிறவர்கள் பாட்டிலை மறக்க வேண்டாம். பாத்ரூம் இல்லை என்று தண்ணீர் குடிக்காமல் போவது நமக்கு ஆகாது.

21 ஏப்ரல் 2025

"பிளேட்லெட் 14 லட்சம், பீரியட்ஸ் பெரும்போக்கு, ஈறிலும் ரத்தம். பிளேட்லெட் இவ்வளவு இருந்தால் ரத்தம் நிற்கத்தானே வேண்டும்?"

அப்படித்தான் தோன்றும். ஆனால் 10 லட்சத்தைத் தாண்டினால், ரத்தம் உறையத் தேவையான வான் வில்லிபிராண்ட் என்ற புரதத்தைப் பிளேட்லெட்டுகளே பிடித்துத் தின்றுவிடுகின்றன. பிளேட்லெட் கூட்டம் இருந்தும் கசியும். அதற்குத் தனி ரத்தப் பரிசோதனை உண்டு. ஆஸ்பிரினைத் தொடர்வதா நிறுத்துவதா என்று உடனே போய்க் கேளுங்கள், இங்கே காத்திருக்க வேண்டாம்.

4 மே 2025

கோவைக்காரர் மறுபடி கேட்கிறார்: ஹார்மோன் இல்லாமல் என்னதான் வழி, நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

எனக்கு ஜெல்லும் வேண்டாம் என்று முடிவாயிற்று. போர்ட்டல் வெயின் உறைவு வந்தவள். அசிட்ரோம் பாதுகாப்பு இருக்கிறதே, அதன் துணையில் ஜெல் தரலாம் என்று லேடி டாக்டர் நியாயமாகத்தான் கேட்டார். ரத்தநோய் டாக்டர் தயங்கினார். நானும் தயங்கினேன். இரண்டு பேர் தயங்கும் விஷயத்தில் இறங்க எனக்கு மனமில்லை.

பலருக்கு வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மருந்தைக் கொடுக்கிறார்கள், குறைந்த அளவில் ஃப்ளஷுக்குக் கேட்கும். எனக்கு ரத்தக்கொதிப்பு உண்டு, அது ஏறலாம். அந்த வகை மருந்துகளோடு அசிட்ரோமோ ஆஸ்பிரினோ சேர்ந்தால் ரத்தக்கசிவும் கூடலாம். ஃப்ளஷுக்குத் தரும் இன்னொரு மருந்தான குளோனிடின் ரத்த அழுத்தத்தை இறக்கும், வாய் உலரும். கடைசியில் ராத்திரிக்கு கேபாபென்டின், நரம்பு வலிக்குத் தரும் மருந்து. காலையில் தலை கிறுகிறுக்கும், கோலம் போடக் குனிந்தால் சுவரைப் பிடிக்க வேண்டும். ஆனால் தூங்குகிறேன். ஃப்ளஷ் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், அது வந்தாலும் விழிப்பதில்லை. குளித்தபின் வரும் அரிப்பும் கொஞ்சம் குறைந்தது, அதற்கும் இதைச் சிலருக்குத் தருவதுண்டு என்று பின்னால் தெரிந்தது.

ஃபெசொலினெடன்ட் என்று ஹார்மோன் இல்லாத புது மாத்திரை அமெரிக்காவில் மே 2023ல் அனுமதி பெற்றது. மூளையில் உடம்பின் வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் வேலை செய்கிறது. 2024 டிசம்பரில் கல்லீரல் பாதிப்புக்காக அதன்மேல் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டார்கள். கல்லீரல் பக்கம் ஏற்கெனவே பஞ்சாயத்து நடக்கும் என்னைப் போன்றவளுக்கு அது வேண்டாம். உங்களுக்குக் கேட்டுப் பார்க்கலாம்.

தண்ணீர்விட்டான் கிழங்கு, சோயா மாத்திரை, பாட்டிலில் வரும் லேகியம் எல்லாம் பற்றிக் கேட்டவர்களுக்கு: ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும் என்று விற்கிறார்கள் என்றால், ஈஸ்ட்ரோஜனுக்குக் கேட்கும் கேள்வி அத்தனையும் அதற்கும் கேட்க வேண்டும். தட்டில் வரும் சோயா, வெந்தயம் வேறு கதை.

4 மே 2025

ஹைட்ராக்ஸியூரியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வரி: பீரியட்ஸ் தாறுமாறாக வருகிறது என்றால் கருத்தரிக்க வாய்ப்பு இன்னும் இருக்கிறது, அந்த மருந்து கருவுக்கு ஆகாது. 50க்குக் கீழே நின்றால் இரண்டு வருடம், 50க்கு மேல் ஒரு வருடம் தடுப்பு வேண்டும். சிரிக்காதீர்கள்.

11 ஜூன் 2025

கூச்சப்பட்டுத் தனியாகக் கேட்டவர்களுக்காகப் பொதுவிலேயே எழுதுகிறேன். பிறப்புறுப்பு வறட்சி, எரிச்சல், அடிக்கடி நீர்க்கடுப்பு, கணவரோடு சேர்ந்தால் வலி. இது ஃப்ளஷ் மாதிரி சில வருடத்தில் தானாகப் போவதில்லை, போகப் போகக் கூடும். நான் இதைச் சூடு என்று பார்லி தண்ணீர் குடித்தே நாள் கடத்தினேன். சிறுநீர்த் தொற்றுக்கு வரிசையாக ஆன்டிபயாடிக். ஒவ்வொரு ஆன்டிபயாடிக்குக்கும் ஐ.என்.ஆர். தாறுமாறு.

எஸ்ட்ரியால் கிரீம் என்று பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஒன்று உண்டு. முதல் இரண்டு மூன்று வாரம் தினமும் ராத்திரி, பிறகு வாரம் இரண்டு முறை. அந்த இடத்தோடு நிற்கும், ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. என் ரத்தநோய் டாக்டர் இதற்கு ஒரு நொடி யோசித்துவிட்டுச் சரி என்றார். ஜெல்லுக்கு அத்தனை தயங்கியவர். டப்பாவுக்குள் இருக்கும் காகிதத்தில் உறைவு, பக்கவாதம் என்று மாத்திரைக்குப் போட்ட எல்லா எச்சரிக்கையும் இருக்கும், அதைப் படித்துவிட்டுப் பயந்து தூக்கிப் போடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். ஹார்மோன் "கூடாது" என்று ஒருவருக்குச் சொன்னால் அதில் இந்தக் கிரீமும் சேர்த்தியா என்று கேட்டே ஆக வேண்டும். பெரும்பாலும் சேர்த்தி இல்லை.

மெனோபாஸுக்குப் பிறகு ரத்தம் பட்டால் மட்டும் "அசிட்ரோமால் இருக்கும், ஆஸ்பிரினால் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். ஸ்கேன் எடுத்து உள்சுவரைப் பார்க்க வேண்டும்.

29 ஜூலை 2025

கோவைக்காரர் எழுதியிருக்கிறார். ஒரே தாளில் நோய், மருந்துகள், எண்ணிக்கை, உறைவு வந்ததில்லை என்ற தகவல், ஃப்ளஷ் நோட்டு எல்லாம் எழுதி இரண்டு டாக்டரிடமும் கொடுத்திருக்கிறார். லேடி டாக்டர் ரத்தநோய் டாக்டருக்கு போன் செய்தாராம். முடிவு: மாத்திரை வேண்டாம், பிளேட்லெட் கட்டுக்குள் இருக்கும்வரை குறைந்த அளவு எஸ்ட்ரடயோல் ஜெல், மைக்ரனைஸ்டு புரோஜெஸ்டிரோன், ஆஸ்பிரின் தொடரும். எண்ணிக்கை ஏறினாலோ, கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, விடாத வயிற்று வலி வந்தாலோ உடனே வர வேண்டும். சில மாதத்தில் மறுபடி உட்கார்ந்து பேசுவார்கள்.

எனக்குச் சற்றுப் பொறாமை. ஜெல் கிடைத்ததற்கு அல்ல, அந்த போனுக்கு. என் டாக்டர்களுக்கு நடுவே பல வருடமாக நான்தான் தபால்காரி.

"அவருக்குச் சரி என்றால் எனக்கு ஏன் கூடாது" என்று உடனே இரண்டு பேர். அவருக்கு உறைவு வந்ததில்லை. எண்ணிக்கை கட்டுக்குள். சிகரெட், சர்க்கரை, கொதிப்பு இல்லை. 50க்குக் கீழே, பீரியட்ஸ் நின்று அதிக காலம் ஆகவில்லை. இதில் ஒவ்வொன்றும் கணக்கு.

30 ஜூலை 2025

யோசித்துப் பார்த்தேன். பிப்ரவரியில் அவர் கேட்டபோது என் மனதுக்குள் இருந்த பதில் "வேண்டாம்" என்பதுதான். எனக்கு வந்த வலியை வைத்துக்கொண்டு பேசியிருப்பேன். இப்போதும் எனக்கு வேண்டாம்தான். ஆனால் தூங்காத பெண் ரத்தக்கொதிப்பு ஏறி, நடைப்பயிற்சி நின்று, மருந்தை மறந்து, எடை கூடி உட்கார்ந்திருந்தால் அதுவும் உறைவுக்கு வழிதான். ஹார்மோன் எடுக்காமலிருப்பதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. எலும்பு தேய்வது வேறு.

30 ஜூலை 2025

எலும்பு பற்றி விரிவாக எழுதச் சொல்கிறார்கள். முடியாது, அது தனிக் கதை. எலும்பு அடர்த்தியைக் காட்டும் டெக்ஸா ஸ்கேன் எடுங்கள், வைட்டமின் டி பாருங்கள், வெயிலில் நடங்கள். ஹைட்ராக்ஸியூரியா எடுப்பவர்கள் நடுப்பகல் வெயிலில் நடக்காதீர்கள், அந்த மருந்தில் தோல் புற்றுநோய் ஆபத்து கூடும். காலை ஏழு, எட்டு மணிக்கு நடங்கள்.

14 நவம்பர் 2025

அந்தச் செய்தியை ஏழெட்டுப் பேர் அனுப்பிவிட்டீர்கள். மெனோபாஸ் ஹார்மோன் மருந்துகளில் இருந்த கட்டம் கட்டிய எச்சரிக்கைகளில் பலவற்றை நீக்கப்போவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த வாரம் அறிவித்தது. "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகாதாம்" என்று எனக்கே பாடம்.

படித்துவிட்டுச் சொல்லுங்கள். அது பொதுவான பெண்களுக்கான லேபிள். அறுபது தாண்டியவர்களிடம் கிடைத்த கணக்கை ஐம்பது வயதுக்காரிகளுக்குக் காட்டிப் பயமுறுத்தியது அதிகம் என்ற வாதத்தில் எனக்கும் ஒப்புதல் உண்டு. கிரீம் டப்பாவில் அந்தப் பயமுறுத்தல் போவது நல்லதே. ஆனால் ஜாக்2 உள்ளவளின் கல்லீரல் அந்த அறிவிப்பைப் படிக்கப்போவதில்லை. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் நேற்று என்ன செய்ததோ அதையே இன்றும் செய்யும்.

16 நவம்பர் 2025

கோவைக்காரர் நலம், வகுப்பில் யாரும் சிரிப்பதில்லையாம். ஜெல்லை எங்கே தடவுவது, எப்போது குளிப்பது என்று அவரிடம் கேட்டு வாங்கிப் போடுகிறேன், நிறையப் பேர் கேட்டதால். கையின் மேல்புறம் அல்லது தொடை, மார்பில் கூடாது. மெல்லிசாகப் பரப்ப வேண்டும், அழுத்தித் தேய்க்க வேண்டாம். அவர் குளித்துத் துவட்டியபின் தடவுகிறார், அப்புறம் ஒரு மணி நேரமாவது அந்த இடத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்கிறார். காய்ந்தபின் துணி மூடியிருக்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பேரன் பேத்தியைத் தூக்கக் கூடாது, தடவிய இடம் அவர்கள் தோலில் படவும் கூடாது, சின்னப் பிள்ளைகளுக்கு அந்த ஹார்மோன் ஒட்டிக்கொள்ளும்.